படைப்பும் பரிணாமமும்: ஏற்றவர் யார், மறுத்தவர் யார்?

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அருகில், உயர்ந்த கோபுரத்துடன் நிற்கிறது புனித மரியன்னை பசிலிக்கா. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கு நடைபெறும் மாதா திருவிழாவிற்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றிப் பிற சமயத்தவரும் திரளாக வருகின்றனர். மாதாவின் திருவுருவத்திற்குப் புடவை சாத்தியிருப்பார்கள். செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய சிறிய காணிக்கை மாதா கோயிலே இத்தலத்தின் தொடக்கம். இன்றும் அங்குத் தமிழில் வழிபாடு நடைபெறுகிறது.

இப்போதுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் காலமானார். கிறிஸ்தவ சமயத்தின் பகைவர் என்று பலரால் ஏசப்பட்ட அவரது உடல், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தினுள், நியூட்டனின் கல்லறைக்குச் சற்றுத் தொலைவில், உரிய ஜபங்களுடன் அடக்கம் செய்யப்பட்டது. அதே 1882-இல்தான் கல்கத்தாவில், பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரிடம் பேரன்பு கொண்டிருந்த கேசவ சந்திர சேனர், தசாவதாரக் கதைகளில் பரிணாமத்தின் சாயல் இருப்பதாகச் சொற்பொழிவாற்றினார். இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆயினும் சமயமும் பரிணாமக் கொள்கையும் சந்தித்த விதம் பலர் எண்ணுவதுபோல் அத்தனை எளிதானதன்று என்பதை அவை காட்டிவிடுகின்றன.

கடவுளை நம்புபவர் பரிணாமத்தை மறுப்பார், நாத்திகர் அதை ஏற்பார் என்பதே பொதுவான எண்ணம். சிவாஜிநகர்ப் பள்ளியொன்றில் படிக்கும் மாணவன், காலையில் மாதா முன்பு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மதியம் உயிரியல் பாடத்தைத் திறக்கும்போது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறான் என்றே பலர் கருதுகின்றனர். இந்துக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இந்தக் கேள்வி புதியதன்று. 2023-ஆம் ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு அதை எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவனுக்கு அது எட்டாது. ஆகவே இக்கொள்கை எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்று வீட்டிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது பெற்றோரின் பொறுப்பாகவும் ஆகிறது.

டார்வின் கூறியது

1859 நவம்பரில் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலின் மையக்கருத்து எளிமையானது. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்களிடையே சிறுசிறு வேறுபாடுகள் உள்ளன. அவற்றுள் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. பிறக்கும் உயிர்கள் அனைத்தும் பிழைப்பதில்லை. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை அதிகமாகப் பிழைத்து அதிகமாகச் சந்ததி பெறுகின்றன. நீண்ட காலம் இது தொடரும்போது இனமே மாறுகிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று அவர் பெயரிட்டார்.

இது பழங்காலத்துச் செய்தி மட்டுமன்று. சிவாஜிநகரில் பவுரிங் மருத்துவமனை உள்ளது. அங்கானாலும் வேறெங்கானாலும், காசநோயாளியிடம் மருத்துவர், 'இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்' என்று வற்புறுத்துவார். கோடிக்கணக்கான கிருமிகளுள் மிகச் சிலவற்றில் மருந்தைத் தாங்கும் மாறுபாடு முன்பே இருக்கலாம். அரைகுறையாக மருந்து உண்டால் எளிதில் மாளக்கூடியவை மாண்டு, தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. அந்த மாறுபாட்டை மருந்து உண்டாக்கவில்லை. அது தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். ஒரு மனித உடலுக்குள் சில மாதங்களில் நடப்பது, சுமார் 450 கோடி ஆண்டு வயதுடைய பூமியில் எவ்வளவு பெரிய அளவில் நடந்திருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்பது டார்வினின் கூற்றன்று. இன்றைய குரங்குகளும் மனிதனும் ஒரு பொது மூதாதையின் வழித்தோன்றல்கள் என்பதே கொள்கை. சிம்பன்சியின் வழியும் மனிதனின் வழியும் பிரிந்து சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. 'அப்படியானால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?' என்று கேட்பது, 'பெரியப்பா பிள்ளைகள் இருக்கும்போது நான் எப்படிப் பிறந்தேன்?' என்று கேட்பதைப் போன்றது.

கிறிஸ்தவ உலகில்

1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்ட கதை புகழ்பெற்றது. அதே நாட்களில் அதே ஊரில் ஃப்ரெடெரிக் டெம்பிள் என்ற போதகர், இறைவனின் கையை இயற்கை விதிகளிலேயே காணவேண்டும் என்னும் கருத்தில் பிரசங்கம் செய்ததைப் பலர் அறியார். அந்த டெம்பிள் பின்னாளில் கேன்டர்பரி பேராயராகவே ஆனார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடிய தாவரவியல் அறிஞர் ஏஸா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் ஒருவர் இருக்க முடியும் என்பதற்கு, டார்வினே 1879-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இந்தக் கிரேயையும் சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியாரையும்தான் எடுத்துக்காட்டினார். தாம் ஒருபோதும் கடவுளை மறுக்கும் நாத்திகராக இருந்ததில்லை என்றும், 'அறியவொண்ணாதது' என்ற நிலையே தமக்குப் பொருந்தும் என்றும் அதே கடிதத்தில் அவர் எழுதினார்.

கத்தோலிக்கத் திருச்சபை மெல்ல நடந்தது. டார்வினின் நூல் அதன் தடைப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. ஆனால் பரிணாமத்தைச் சமயத்தோடு இணைத்து எழுதிய சில குருமார்களின் வாய் அடைக்கப்பட்டது. பிரெஞ்சுக் குருவும் புதைபடிவ ஆய்வாளருமான டெயார் த ஷார்டான் 1955-இல் மறையும்வரை, அவருடைய முக்கியமான சிந்தனை நூல்களை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. இது வருந்தத்தக்கதே. 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முன்பிருந்த உயிரினத்திலிருந்து தோன்றியதா என்று அறிஞர்கள் ஆராயத் தடையில்லை, ஆன்மா மட்டும் இறைவனால் நேரே படைக்கப்படுவது என்றார். 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். 2014-இல் போப் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் ஏந்திய வித்தைக்காரராக எண்ணிவிடக் கூடாது என்றார். ஆகவே சிவாஜிநகர் பசிலிக்காவில் மண்டியிடும் மாணவனுக்கு, உயிரியல் பாடத்தை ஒதுக்கும்படி அவனுடைய திருச்சபை கட்டளையிடவில்லை.

எதிர்ப்பு வலுவாக வேரூன்றியது, விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ளும் சில புராட்டஸ்டன்ட் பிரிவுகளில்தான். 1925-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவருடைய அச்சம் முழுவதும் மூடத்தனமானதன்று. 'வலியவன் வாழ்வான், மெலியவன் மடிவான்' என்பதை மனித சமுதாயத்தின் விதியாக்கிவிட்டால் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கதி என்ன என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான விடை சுவாமி விவேகானந்தரிடமிருந்து முன்பே வந்திருந்தது. அதைப் பின்னர் காண்போம்.

அமெரிக்காவில் காலப் நிறுவனம் நீண்ட காலமாக நடத்திவரும் கருத்துக்கணிப்பில், கடவுள் மனிதனை இன்றைய வடிவிலேயே படைத்தார் என்று கூறியோர் 1982-இல் நூற்றுக்கு 44 பேர். 2024-இல் 37 பேர். பரிணாமம் கடவுளின் வழிகாட்டுதலால் நடந்தது என்போர் ஏறக்குறைய அதே அளவினர். 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரப் பள்ளி வழக்கில், படைப்புவாதத்தின் புதிய வடிவத்தை அறிவியல் வகுப்பில் நுழைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் பரிணாமத்தின் சார்பில் முக்கியச் சாட்சி கூறிய உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், தவறாமல் தேவாலயம் செல்லும் கத்தோலிக்கர்.

நாத்திகர் வரலாறு

நாத்திகர் பலர் டார்வினை ஆவலோடு வரவேற்றது உண்மை. தமிழ்நாட்டில் சிங்காரவேலர் 1930-களில் 'குடி அரசு' இதழிலும் தாமே நடத்திய 'புது உலகம்' இதழிலும் அறிவியல் கட்டுரைகளை எழுதி, டார்வினின் கருத்துகளை எளிய வாசகரிடம் கொண்டுசேர்த்தார். அவருடைய கடவுள் மறுப்பை ஏற்காதவரும், கடினமான அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல அவர் மேற்கொண்ட உழைப்பை மதிக்கத் தயங்க வேண்டியதில்லை.

எனினும், கடவுளை மறுத்துவிட்டால் உண்மையை ஏற்கும் மனம் தானே வந்துவிடும் என்று கொள்ள இயலாது. இதற்குச் சான்று சோவியத் ரஷ்யா. அங்கு அரசே நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்டிருந்தது. ஆனால் லைசென்கோ என்பவர், மரபணுக் கோட்பாடு முதலாளித்துவச் சரக்கு என்றும், பயிர்களைப் பழக்கினால் அப்பழக்கம் விதைகளிலும் ஏறிவிடும் என்றும் சாதித்தார். டார்வினின் பெயரை உச்சரித்துக்கொண்டே, ஓர் இனத்தின் உயிர்களுக்குள் போட்டி உண்டு என்ற அவருடைய அடிப்படைக் கருத்தை மறுத்தார். ஸ்டாலினின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1948 ஆகஸ்டில் மரபியல் ஆய்வே அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

அதற்கு முன்பே நிக்கொலாய் வாவிலோவ் பலியாகிவிட்டார். மக்களின் பசியைப் போக்க வேண்டும் என்பதற்காக உலகெங்கும் அலைந்து, தானிய வகைகளின் விதைகளை லட்சக்கணக்கில் திரட்டியவர் அவர். 1940-இல் கைது செய்யப்பட்டு, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். அவரைச் சிறையிலடைத்தது எந்தத் தேவாலயமும் அன்று.

மறுபுறம், டார்வினுக்கு எட்டாமல் நின்ற பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டுபிடித்தவர் யார்? மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்த கிரிகோர் மெண்டல் என்ற கத்தோலிக்கத் துறவி. அவ்விதிகளையும் இயற்கைத் தேர்வையும் கணிதத்தால் இணைத்தவர்களுள் ஃபிஷர் ஆங்கிலிகன் கிறிஸ்தவர்; ஹால்டேன் கடவுள் நம்பிக்கை அற்ற மார்க்சியர். அதே பணியில் பெரும் பங்காற்றிய டாப்ஷான்ஸ்கி கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர். நம்பியவரும் நம்பாதவரும் ஒரே கட்டடத்திற்குக் கல் சுமந்திருக்கின்றனர். இவர்களுள் ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

குளவியும் புழுவும்

இந்துக்கள் இவ்விவாதத்தை மேட்டிலிருந்து பார்ப்பவர்கள் அல்லர். 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, எனவே டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை வெளியிட்டு அதை மறுத்தன. அவற்றுள் ஒன்று, சர் சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகம்.

மற்றொரு பக்கம், 'இதையெல்லாம் நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம்' என்ற பெருமிதமும் உண்டு. மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனர் என்ற வரிசை பரிணாமத்தை நினைவூட்டுவது உண்மைதான். ஆனால் மச்சம் கூர்மமாகப் பெருகியதாக எந்தப் புராணமும் கூறவில்லை. ஒவ்வோர் அவதாரமும் தர்மத்தைக் காக்கப் பகவான் இறங்கி வந்தது. அதை விலங்கியல் பாடமாக்கினால் அறிவியலுக்கு வரும் லாபத்தைவிடப் பக்திக்கு வரும் நஷ்டமே அதிகம்.

இங்கு ஒரு பழைய உவமை கவனிக்கத் தக்கது. குளவி ஒரு புழுவைப் பிடித்து வந்து கூட்டில் அடைக்கிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது, குளவியையே நினைத்த புழு குளவியாக மாறிப் பறக்கிறது. இடைவிடாத தியானத்தால் ஜீவன் பிரம்மமாகவே ஆகிறான் என்பதை விளக்க 'விவேக சூடாமணி' உள்ளிட்ட நூல்கள் இதைக் கூறுகின்றன. உண்மையில் நடப்பது வேறு. குளவி புழுவை மயக்கிக் கூட்டினுள் வைத்து முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சு, உயிரோடிருக்கும் அப்புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. முன்னோர் கண்டதும் பொய்யன்று: உள்ளே சென்றது புழு, வெளியே வந்தது குளவி. கூட்டினுள் என்ன நடந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

விலங்கியல் பிழையானதால் உபதேசம் பிழையாகிவிடுமா? ஆகாது. அதை முன்கூட்டியே உணர்ந்தவர்போல் ஸ்ரீ சங்கரர் தம் கீதை உரையில், நெருப்பு குளிர்ந்தது என்று நூறு வேத வாக்கியங்கள் கூறினாலும் அவை பிரமாணமாகா என்று எழுதினார். கண்ணால் அறியக்கூடியதைக் கண்ணே சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டாததைச் சொல்லவே வேதம். அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பு புனித அகஸ்டினும், வானத்தையும் பூமியையும் பற்றி விவிலியத்தின் பெயரால் தவறாகப் பேசிப் பிறர் நகைக்க இடம் தராதீர்கள் என்று கிறிஸ்தவர்களை எச்சரித்திருந்தார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரும் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

ஆனால் குளவிக் கூடு எழுப்பும் உண்மையான கேள்வி இதைவிடக் கடினமானது. டார்வினை வாட்டியதும் அதுவே. 1851-இல் அவருடைய செல்ல மகள் ஆன்னி பத்து வயதில் நோயுற்று இறந்தாள். 1860-இல் ஏஸா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலைத் தின்னும்படி ஒரு குளவியினத்தைக் கருணையும் சர்வவல்லமையும் உடைய கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று அவர் எழுதினார். அவருடைய நம்பிக்கை தளர்ந்ததில் புதைபடிவங்களைவிடத் துன்பத்திற்கே பங்கு அதிகம். கிரேயின் நம்பிக்கை அதே கடிதத்தைப் படித்த பின்னும் தளரவில்லை. இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தனர்.

இக்கேள்விக்கு எளிய விடை கூறுபவர் அதன் கனத்தை உணராதவர். தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கண்ட காட்சியொன்று அன்பர்கள் அறிந்ததே. கங்கையிலிருந்து பேரழகி ஒருத்தி எழுந்து வருகிறாள். கரையில் குழந்தை ஈன்று அன்புடன் பாலூட்டுகிறாள். மறுகணம் பயங்கர உருக்கொண்டு அக்குழந்தையையே விழுங்கிவிட்டுக் கங்கையில் மறைகிறாள். கருணை மட்டும் உள்ள கடவுளை உலகுக்கு வெளியே வைத்துவிட்டு, உலகிலுள்ள கொடுமைக்கு வேறொருவரைப் பொறுப்பாக்கும் வழியைப் பகவான் ஏற்கவில்லை. பாலூட்டுபவளும் விழுங்குபவளும் அவருக்கு ஒரே அன்னை. குளவியின் கூட்டுக்குள் நடப்பதை மறைக்காமல் பார்க்கக்கூடிய பக்தி இது. இதனால் துன்பம் விளங்கிவிட்டது என்று கூற முடியாது. பார்க்க அஞ்ச வேண்டியதில்லை என்று மட்டுமே கூறலாம்.

விலங்குக் காட்சிசாலையில் சுவாமிஜி

பதஞ்சலி யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தில், இயற்கையின் நிறைவால் ஒரு பிறவி வேறொன்றாக மாறுகிறது என்றும், வயலின் வரப்பை உழவன் திறந்துவிட்டால் நீர் தானே பாய்வதுபோல் தடை நீங்குவதே அதற்குப் போதும் என்றும் கூறப்படுகிறது. சுவாமி விவேகானந்தர் இதை டார்வினின் கொள்கையோடு ஒப்பிட்டு விளக்கினார். வெளிப்படுவது எதுவும் முன்பே உள்ளே ஒடுங்கியிருந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இது தத்துவம், சோதனைக்கூடத்தில் நிறுவக்கூடிய உயிரியல் கோட்பாடன்று. பதஞ்சலி பேசியது மரபணுக்களைப் பற்றியும் அன்று. இந்த வேறுபாட்டை மறந்து, சுவாமிஜியின் பெயரால் டார்வினைத் தோற்கடிக்க முயல்வது அவருக்குச் செய்யும் பெருமையாகாது. ஆராய்ச்சியால் அழிந்துவிடக்கூடிய சமயம் எவ்வளவு விரைவில் அழிகிறதோ அவ்வளவு நல்லது என்று துணிந்து சொன்னவர் அவர்.

மேலைநாட்டிலிருந்து திரும்பிய பின் ஒரு நாள், சுவாமிஜி சகோதரி நிவேதிதை முதலியோருடன் கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைக்குச் சென்றார். அதன் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யால் அவர்களை வரவேற்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். பேச்சு டார்வினை நோக்கித் திரும்பியது. போட்டியும் இயற்கைத் தேர்வும் விலங்கு நிலையில் பெருமளவு உண்மையே என்று சுவாமிஜி ஒப்புக்கொண்டார். மனித நிலையில் அவ்விதி தலைகீழாகிறது. அங்கு ஒருவன் உயர்வது பிறரை அழித்தன்று, பிறருக்காகத் தன்னைத் தியாகம் செய்தே என்றார். யாரால் பிறருக்காக அதிகம் விட்டுக்கொடுக்க முடிகிறதோ அவரே அங்கு உயர்ந்தவர். டென்னஸியில் பிரையன் கலங்கியதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கூறப்பட்ட விடை இது.

அன்று மாலை பாக்பஜாரில் பலராம் போஸின் இல்லத்தில், இவ்வுரையாடலைப் பதிவு செய்த சீடர் சரத்சந்திர சக்கரவர்த்தி தம் ஐயத்தை எழுப்பினார். போட்டியும் உடல் வலிமையும் விலங்குகளுக்குத்தான் என்றால், உடலை வலுப்படுத்துங்கள் என்று எங்களிடம் மட்டும் ஏன் ஓயாமல் கூறுகிறீர்கள் என்பது அவருடைய கேள்வி. சுவாமிஜி சீறி எழுந்தார். உண்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதுமாகக் காலம் கழிக்கும் நீங்கள் மனிதர் என்ற நிலைக்கு இன்னும் வந்தாயிற்றா என்று கேட்டார். கொள்கைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, உங்கள் அன்றாட நடத்தை விலங்குக்கும் மனிதனுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று அமைதியாக எண்ணிப் பாருங்கள், முதலில் உடலைக் கட்டுங்கள் என்றார். சீடர் அதை ஒளிக்காமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.